திருக்காஞ்சியின் கங்கையும் கோமுகத்தின் பனியும்

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த திருக்காஞ்சியில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த கங்கைவராக நதீஸ்வரர் கோயில், காசியைக் காட்டிலும் வீசம் அதிகம், அதாவது பதினாறில் ஒரு பங்கு கூடுதல், என்று போற்றப்படுவதால், மாசிமகத் தீர்த்தவாரிக்கும் நீத்தார் கடனுக்கும் வருவோர் இவ்வாற்றையே கங்கையாகக் கொள்கின்றனர். வியாழன் மேட ராசியில் புகும்போது கங்கைக்குரியதாகக் கொண்டாடப்படும் புஷ்கரம் என்னும் 12 நாள் நீராட்டு விழா, 2023 ஏப்ரல் 22 முதல் மே 3 வரை இங்கும் நடந்ததற்கு இந்நம்பிக்கையே அடிப்படை.

இத்தனைக்கும் செஞ்சிப் பகுதி மலைகளில் தோன்றி மழையை நம்பியே ஓடும் சங்கராபரணிக்கும் இமயத்துக்கும் நீர்த்தொடர்பு எதுவும் இல்லை. பல்லாண்டுப் பனி இறுகித் தன் எடையாலேயே நகரும் பனியாறுகளுள் ஒன்றான, கங்கைக்கு ஊற்றாகிய கங்கோத்ரியோ, அதன் முகப்பாகிய கோமுகத்தை 1935-இல் நிலவியலாளர் ஜே. பி. ஆடன் அளந்து வரைந்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. இப்படிப் பின்வாங்கும் பனியாறு மறைந்தே போவதும் உண்டு: ஐஸ்லாந்தில் ஓக் என்னும் எரிமலையின் மேல் கிடந்த பனியாறு, பனியாறு என்னும் பெயருக்கே தகுதி இழந்ததாக 2014-இல் அறிவிக்கப்பட்டு, 2019-இல் அதற்கு நினைவுத் தகடும் பதிக்கப்பட்டது. கோமுகத்துக்கும் அந்நிலை நேருமாயின், திருக்காஞ்சியில் மூழ்குவோர் எந்தக் கங்கையில் மூழ்குவர்?

சைவ மரபு இதற்கு ஆவாகனம் என்னும் கருத்தால் விடை சொல்கிறது. நூல் சுற்றி, மாவிலை செருகி, தேங்காய் வைத்த குடத்திலுள்ள உள்ளூர் நீரில் குருக்கள் கங்கை முதலிய ஆறுகளைப் பெயர் சொல்லி அழைக்க, அந்நீரில் தெய்வ நிலை எழுந்தருளுவதாகக் கொள்வதே ஆவாகனம். புராணப்படி கங்கை விண்ணிலிருந்து சிவன் சடையில் இறங்கியவள் ஆதலால் பனி அவளுக்கு மூலமும் அன்று. உலகுக்கு மூலப்பொருளாகிய மாயையில் தோன்றிய எதுவும் மீண்டும் அதிலேயே ஒடுங்கும் என்னும் சைவ சித்தாந்தத்துக்குப் பனி உருகுவது புதுமையும் அன்று.

இவ்விடை வலுவானதுதான், ஆனால் அதை ஆறுதலாக மட்டும் ஏற்பது பாதி வாசிப்பாகும். அழைக்கப்படுவதற்கு அழிவில்லை என்றாலும், அது வந்து தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்தே ஒரு கோயிலின் பெருமையைச் சொல்லும் வழக்கும் இதையே உணர்த்துகிறது. தொலைவிலுள்ள மூலத்திலிருந்து விடுவிக்கும் அதே கோட்பாடு, அருகிலுள்ள நீரோடு அடியவரை இன்னும் இறுக்கமாகப் பிணைக்கிறது. மழை பொய்த்து ஆறு வறண்ட ஆண்டில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடத்தில் பிடித்துச் சடங்கை முடிக்கலாம். அந்நீரிலும் கங்கை எழுந்தருளுவாள் எனின், இக்கோயில் ஆற்றங்கரையில் இருக்கவேண்டியதன் காரணம் என்ன என்ற வினாவுக்கு அக்கோட்பாடே விடை சொல்லியாக வேண்டும்.