யாருக்குக் கொடுப்பது?

பங்குனி பிற்கூற்றில் பனி உருகத் தொடங்கியதும் கனடாவில் வீடு துப்புரவாக்கும் காலம் வந்துவிடுகிறது. நிலக்கரியும் எண்ணெய் விளக்கும் எரித்த அந்நாட்களில் குளிர்காலம் முடியும்போது சுவரெல்லாம் புகை படிந்திருக்கும். யன்னலைத் திறக்கக்கூடிய பருவம் வந்த பின்புதான் அதைக் கழுவ முடிந்தது. ஈரானியர் நௌரூஸ் பிறக்குமுன் வீட்டையே உதறுகிறார்கள். யூதர்கள் பாஸ்காவுக்கு முன் புளித்த மாவின் துகள்கூட மிஞ்சாதபடி மூலை முடுக்கெல்லாம் தேடுகிறார்கள். நமக்கோ ஏப்ரல் 14ஆம் திகதியளவில் சித்திரை வருடப் பிறப்பு. ஊரில் முற்றம் கூட்டிச் சாணகம் தெளித்து, கோவிலில் மருத்துநீர் எடுக்க ஆயத்தமான அதே நாட்களில் இங்கே நாம் நிலக்கீழ் அறையில் நின்று பெட்டிகளைக் கிளறுகிறோம்.

ஆகவே துப்புரவு நமக்குப் புதிதல்ல. கழிக்க வேண்டிய பொருட்களின் அளவுதான் புதிது. ஊரில் ஒரு குடும்பத்தின் நல்ல உடுப்பெல்லாம் ஒரு பெட்டகத்தில் அடங்கியது. இங்கே ஒரு பிள்ளையின் உடுப்புக்கே ஓர் அலுமாரி போதவில்லை. பழையதைக் கழிப்பதற்கு நம்மவர் உடனே நன்னூலைத் துணைக்கு அழைப்பார்கள். பவணந்தியார் அங்கே பேசியது சொற்களைப் பற்றி. சட்டி பானைகளைப் பற்றியல்ல.

விடயத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் வருடப் பிறப்புக்கு முந்திய வாரங்களில் நமது ஆலய வாசலில் கறுப்புப் பைகள் குவிகின்றன. வைத்தவர் யாரென்று தெரிவதில்லை. திறந்து பார்த்தால் கழுத்துக் கிழிந்த சட்டை, ஒற்றைச் சப்பாத்து, பிடி கழன்ற தாச்சி, கண்ணாடி வெடித்த சரஸ்வதி படம். கோவிலுக்குக் கொடுத்தோம் என்ற மனநிறைவு வைத்தவரிடம் போய்விடுகிறது. அவற்றைத் தரம் பிரித்துக் குப்பைக்கு ஏற்றும் வேலை தொண்டர்களிடம் வந்துவிடுகிறது.

இதைக் காணும்போதெல்லாம் நமக்குக் கடோபநிடதத்தின் தொடக்கம் நினைவுக்கு வருகிறது. யமனிடம் ஆன்ம தத்துவம் கேட்ட சிறுவன் என்றே நசிகேதனை நாம் அறிவோம். அவன் ஏன் யமனிடம் போக நேர்ந்தது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. அவனுடைய தந்தை தமது உடைமை அனைத்தையும் தானம் செய்யும் வேள்வி ஒன்றைச் செய்தார். கொடுத்த பசுக்களோ கடைசிப் புல்லைத் தின்று, கடைசி நீரைக் குடித்து, கடைசிப் பாலையும் கறந்தாயிற்று என்ற நிலையில் இருந்தவை. மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. “என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று மூன்று முறை கேட்டான். எரிச்சலடைந்த தந்தை “யமனுக்கு” என்றார். அவ்வளவு பெரிய தத்துவ விசாரம் உபயோகமற்ற ஒரு தானத்திலிருந்து தொடங்குவது வெறும் தற்செயல் என்று நாம் எண்ணவில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போன பின் நாகப்பட்டினத்துக்கு லொறி லொறியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. எல்லாவற்றையும் இழந்த மீனவக் குடும்பங்களும் அவற்றைத் தொட விரும்பவில்லை. தெருவோரங்களில் குவியலாகக் கிடந்தன. இன்றும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கழிக்கப்படும் உடுப்புகளின் பொதிகள் கானாவின் அக்ரா நகரிலுள்ள கந்தமந்தோ சந்தைக்குப் போகின்றன. விலைபோகாதவை கடற்கரை வரை சென்று சேர்கின்றன. நமது அலுமாரி சுத்தமாகிறது, இன்னொருவருடைய கரை அழுக்காகிறது.

பழையதைக் கொடுப்பதே தவறா? அப்படியல்ல. அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். ஒரே தொட்டிலில் ஒழுங்கை முழுவதிலுமுள்ள குழந்தைகள் உறங்கியதுண்டு. அங்கே கொடுத்தவருக்குப் பெறுபவரின் முகம் தெரியும். பொத்தான் இல்லாத சட்டையை முன்வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தாயும் கொடுத்தனுப்பமாட்டாள். முகம் தெரியாதவருக்கு என்றவுடன் நமது கை ஏன் தளர்ந்துவிடுகிறது? யாருக்கென்று சொல்ல முடியாத கிழிசலைக் குப்பையில் போடுவது தானத்தைவிடத் தாழ்ந்த செயல்தான். ஆனாலும் அது நேர்மையானது. அதைப் புண்ணியக் கணக்கில் எழுத முடியாது என்பதே நமக்கு உறுத்துகிறது.

எதையுமே கழிக்காதவர்களும் நம்மிடையே உண்டு. ஐஸ்கிறீம் பெட்டி, கடைப் பை, அறுந்த கயிறு எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கும் தாய்மாரைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து கையில் ஒரு பையுடன் மழையில் நடந்தவருக்கு, இன்று பயன்படாத பொருள் என்பதும் என்றுமே பயன்படாத பொருள் என்பதும் ஒன்றல்ல. அவர் உறங்கும்போது வீட்டை ஒதுக்கிவிடுவது துப்புரவாகாது. அவரையும் இருத்திக் கேட்டே செய்யவேண்டும். ஒரு நாளில் முடியவேண்டியது ஒரு மாதம் எடுக்கலாம், எடுக்கட்டும்.

சுவாமி படங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பழுதுபட்ட விக்கிரகத்திலிருந்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பின் அதை நீரில் விடும் முறை நம் ஆகமங்களிலேயே இருக்கிறது. களிமண் பிள்ளையாரை நாமே ஆற்றில் கரைக்கிறோம். கழிப்பது குற்றமல்ல, கழிக்கும் பொறுப்பை வேறொருவர் தலையில் வைப்பதே குற்றம். கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு, கும்பிட்டு, கடதாசியை உங்கள் கையாலேயே உங்கள் வீட்டுத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடலாம்.

இறந்துபோன தாயாரின் சீலைகளுக்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை. மடித்தபடியே இருக்கின்றன. இவ்வருடமும் அந்தத் தட்டை மட்டும் துடைக்காமல் விட்டோம்.

சித்திரைக்கு முந்திய சனிக்கிழமை ஆலயத்தில் சிரமதானம் நடைபெறும். வாசலில் பைகளை வைத்துவிட்டுப் போகாமல், கொடுக்க விரும்புவதைத் துவைத்து மடித்து அன்று கையில் கொண்டு வாருங்கள். வாங்கும் மேசையில் நாம் இருப்போம். யாருக்கு என்று ஒரு கேள்வி மட்டும் கேட்போம்.