அதிபத்தர் விட்ட மீன்

மீனைப் பிடித்துக் கொல்வது பாவமா என்ற கேள்வி தமிழ்ச் சமய உலகில் மிகப் பழையது. அந்த மீனைத் தேடிப் போகும் படகும், அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லாரியும், அதை வாங்க வருபவரின் ஸ்கூட்டரும் எரிக்கும் எண்ணெயால் விளையும் தீங்கு யார் கணக்கில் சேரும் என்ற கேள்வி புதியது. இயந்திரங்கள் வந்த பிறகு எழுந்தது. பழைய கேள்விக்குப் பதில் தேடிய நூல்களிலேயே புதிய கேள்விக்கான விடையின் வித்தும் கிடக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களும் பல சமய மரபுகளும் அருகருகே வாழும் புதுச்சேரியை முன்வைத்து இதை ஆராய்வது பொருத்தமானது.

பாயிலிருந்து டீசலுக்கு

வடக்கே கனகசெட்டிக்குளம் முதல் தெற்கே மூர்த்திக்குப்பம் வரை புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இயற்கைத் துறைமுகம் வாய்க்காத கரை இது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகளே அலை தாண்டிக் கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை வந்து மோதும்போது பலகைகள் நெளிந்து கொடுக்கும், பிளந்துபோகாது. மீனவர் ஏறிய கட்டுமரமும் எளிமையானதே. சில கட்டைகள், அவற்றை இறுக்கும் கயிறு, துடுப்பு, காற்று வாய்த்தால் பாய். கடலில் போய்வர அதற்கு ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டியதில்லை.

கேரளத்தில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வேத் திட்டம் இந்திய மீன்பிடித் தொழிலில் இயந்திரமயத்துக்கு வழி திறந்தது. விசைப்படகும் இழுவை மடியும் கிழக்குக் கரையிலும் பரவின. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இன்று விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. கரையோர ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய பைபர் படகு பிடித்துவிட்டது. உயிர் ஆபத்து குறைந்தது, தொலைவு எட்டியது, வருமானம் கூடியது. கூடவே, கடலுக்குப் போய்வரும் செலவில் டீசலே பெரும்பங்கைத் தின்னும் நிலையும் வந்தது. கடலடியில் மடியை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும் இழுவைப்படகுக்கு இந்தச் சுமை மிக அதிகம்.

உலக அளவில் பார்த்தால், மீன்பிடிப் படகுகள் 2011ஆம் ஆண்டில் எரித்த எண்ணெய் ஏறத்தாழ 4,000 கோடி லிட்டர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உணவு உற்பத்தியால் உலகில் வெளியாகும் வெப்பவாயுக்களில் அது சுமார் 4 விழுக்காடு. சரக்குக் கப்பல்களையும் சேர்த்து எல்லாக் கப்பல் போக்குவரத்தும் வெளியிடும் வாயுக்கள், மனிதச் செயல்களால் விளையும் மொத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவை 0.5 விழுக்காடாகக் குறைத்தது. 2050ஐ ஒட்டிய காலத்துக்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவது என்று 2023இல் அது இலக்கு வகுத்தது.

தீங்கு போகும் வழி

கொலைப் பாவத்தில் கொன்றவரும் செத்ததும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சுற்றுச்சூழல் தீங்கில் அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக் கடற்கரை மணலே போதும்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிலைத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகரும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக முகத்துவாரத்தில் கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தேங்கியது. நகரத்தின் அகன்ற மணல்வெளி சில ஆண்டுகளில் கரைந்து, காந்தி சிலைக்கு எதிரே கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. கரையைக் காக்க வடக்கே கல் கொட்டக் கொட்ட, அரிப்பு அடுத்த ஊருக்குத் தள்ளிப்போனது. மாநில எல்லை தாண்டித் தந்திராயன்குப்பமும் பொம்மையார்பாளையமும் கடலுக்கு நிலத்தை இழந்தன. ஓர் ஊரைக் காத்த கல் அடுத்த ஊரின் வீட்டை விழுங்கியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகுத் தடுப்பை இறக்கிய பிறகே நகரக் கரையில் கொஞ்சம் மணல் திரும்பியது.

துறைமுகம் கட்டியவர்கள் யாரையும் வெறுத்துச் செய்யவில்லை. படகுகள் பத்திரமாக நிற்க இடம் தேடினார்கள். தீய எண்ணம் இல்லாமலே பெருந்தீங்கு நிகழ முடியும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று. புகை இதைவிட நெடுந்தொலைவு போகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒரு தனிப் புயலை ஒரு தனிப் படகின் புகையோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் காற்றும் கடலும் சூடாகச் சூடாகப் பெருமழையின் வேகம் கூடும் என்பது அறிவியல் உறுதியாகச் சொல்வது. அதில் முதலில் அடிபடுவது கரையில் குடிசை போட்டவர்.

வாங்குபவரின் பங்கு

எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் உண்டா? இந்தக் கேள்வியில் பௌத்தமும் சமணமும் தமிழ் மண்ணில் நேருக்கு நேர் மோதின. வினையின் உயிர்நாடி எண்ணமே என்பது பௌத்தம். தனக்காகக் கொன்றதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் பெற்ற இறைச்சியைத் துறவி ஏற்கலாம் என்று அதன் விதி இடம் தந்தது. சமணம் இதை ஒப்பவில்லை. பௌத்த நூலான குண்டலகேசிக்கு மறுமொழியாக எழுந்த நீலகேசி, பௌத்தரின் புலால் உணவைக் கடுமையாகச் சாடுகிறது. கவனக்குறைவால் நேர்ந்த தீங்கும் வினையாக ஒட்டும் என்பது சமணரின் துணிபு.

திருக்குறளின் 'புலால் மறுத்தல்' அதிகாரம் இந்த வழக்கில் ஒரு கூரிய வாதத்தை முன்வைக்கிறது. தின்பவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இருக்க மாட்டார் என்பது அதன் சாரம். கொலையின் பொறுப்பைக் கத்தி பிடித்த கையோடு நிறுத்தாமல், காசு கொடுத்த கைவரை வள்ளுவர் கொண்டுசேர்க்கிறார். ஒரு செயலின் அறம் அதைச் செய்தவரோடு முடிவதில்லை, அதை வேண்டியவரிடமும் போகிறது என்ற இந்தக் கருத்துதான் இன்றைய கேள்விக்கான திறவுகோல்.

இதை எண்ணெய்க்குப் பொருத்தினால் பழைய தராசு தலைகீழாகிறது. மீனவரைப் பாவத்தொழில் செய்பவர் என்று தாழ்த்திய மனப்பான்மை இந்தச் சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முழுவதும் அகலவில்லை. மரக்கறி உண்டு, நாளெல்லாம் வண்டியில் திரிபவர் தம் கைகள் சுத்தமானவை என்று நம்புவார். குபேர் அங்காடிக்குத் தலைச்சுமையாகக் கூடை கொண்டுவரும் மீனவப் பெண்ணின் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் மீன்கள் உண்டு. காரில் வருபவரின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத புகை உண்டு. தின்பவர் பங்கைப் பேசிய அதே அறம், ஓட்டுபவர் பங்கையும் கேட்காமல் விடாது. கொல்லாமையை உண்மையாகப் போற்றுபவர் தம் தட்டைப் பார்ப்பதுபோலவே தம் வண்டியின் புகைக்குழாயையும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

வலையில் வருவதெல்லாம்

கடல்சார் ஊர்களின் வழிபாட்டில் வேறொரு விடை இருக்கிறது. அது பாவக் கணக்கிலிருந்து தொடங்காமல், எடுப்பதன் அளவிலிருந்து தொடங்குகிறது.

வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் கோயிலின் தலவரலாறு ஒரு கட்டையைப் பற்றியது. மீனவர் ஒருவரின் வலையில் மீனுக்குப் பதில் மரக்கட்டை சிக்கியது. வீட்டில் கிடந்த அதை அடுப்பெரிக்கப் பிளந்தபோது ரத்தம் கசிந்தது. அஞ்சி அதை வணங்கினர். அதுவே அம்மன் ஆனது. ஆடியில் நடக்கும் அக்கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்கள் இன்றும் தொடர்கிறார்கள். வெறும் விறகு என்று நினைத்ததற்குள் உயிர் இருந்தது என்பதே இக்கதையின் மையம். எரிபொருளாக மட்டுமே ஒரு பொருளைக் காணும் பார்வையை அது இடைமறிக்கிறது.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போவதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு, விளையாடி இருக்கிறார்கள். மீனவ ஊர்களில் அம்மன் திருவிழா நாளில் யாரும் தொழிலுக்குப் போகாத வழக்கம் இதன் தொடர்ச்சி. கடலுக்கு ஓய்வு நாள் தருவது அங்கே சட்டமாக இல்லை, நோன்பாக இருந்தது.

பெரியபுராணத்தின் அதிபத்த நாயனார் இந்த வரிசையின் உச்சம். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராக வாழ்ந்தவர். நாள்தோறும் கிடைக்கும் மீன்களில் ஒரு நல்ல மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பின்னர் வலையில் நாளுக்கு ஒரே மீன் விழும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் சிக்கியது, அதையும் விட்டார். சேக்கிழார் இதைப் பக்தியின் வரலாறாகத்தான் பாடினார். இயற்கைப் பாதுகாப்பு அவர் நோக்கமன்று. ஆனாலும் அதிபத்தரின் செயலில் ஓர் அறக் கணக்கு இருக்கிறது. மிஞ்சியதிலிருந்து கொடுப்பது அங்கே முறையன்று. திருப்பித் தருவதற்கானது முதலிலேயே ஒதுக்கப்படுகிறது, மிச்சமே தனக்கு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்தக் கணக்கின் சட்ட வடிவம் போன்றது. ஆனால் சட்டம் நாளை மட்டுமே அளக்கிறது. தடை முடிந்து கூடுதல் குதிரைத்திறனோடு படகு இறங்கினால், இரண்டு மாதம் சேர்ந்த மீன் இரண்டே வாரத்தில் மடிக்குள் வந்துவிடும். எரிபொருளை மட்டும் அளப்பதும் போதாது. சுருக்குமடி வலை ஒரு கிலோ மீனுக்குச் செலவிடும் எண்ணெய் இழுவைமடியைவிடக் குறைவு. ஆனால் அது ஒரு மீன்கூட்டத்தை ஒட்டுமொத்தமாக வளைத்து அள்ளிவிடும். அந்த வலை தொடர்பாகப் புதுச்சேரியின் இரு மீனவ ஊர்கள் 2021 ஆகஸ்டில் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டன. காவல்துறை வானை நோக்கிச் சுட்டது. அளவு பற்றிய ஒப்புதல் உள்ளத்திலிருந்து வராத இடத்தில் சட்டமும் தடுமாறுகிறது.

பசியும் நீதியும்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வயிற்றுக்காகக் கடலில் இறங்குபவரிடம் புகையைப் பற்றிப் பேசுவது எப்படி அறமாகும்? வள்ளலார் இங்கே துணைக்கு வருகிறார். புதுச்சேரிக்குத் தெற்கே வடலூரில் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை ஏற்றிய அவர், சீவகாருண்யத்தின் முதற்பணி பசி தீர்ப்பதே என்றார். புலாலை மறுத்தவர்தான், ஆனாலும் புலால் உண்பவரின் பசியையும் தீர்க்க வேண்டும் என்றே வகுத்தார். பசியை மறந்த அறம் அவர் பார்வையில் அறமாகாது.

கத்தோலிக்க மரபில் போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இதே இடத்துக்கு வருகிறது. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்கிறது அது. நிலத்திலும் கடலிலும் தோன்றிய கேட்டுக்கு மனிதர் கைகள் செய்ததே காரணம் என்பது குர்ஆனின் எச்சரிக்கை. எனவே குறைக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மிகுதியாக எரிப்பவர், மாற்றுவழி உள்ளவர், இலாபம் பெறுபவர் முதலில் குறைக்க வேண்டும். சொந்தக் காரும் சரக்குக் கப்பலும் முன்வரிசையில் நிற்கின்றன. அடுத்து விசைப்படகு உரிமையாளர், அவருக்கு டீசல் வரிச்சலுகை தரும் அரசு. கடைசியில் பைபர் படகுக்காரர்.

நடைமுறையாகும் நோன்பு

தொழில்நுட்பம் காட்டும் வழிகளில் பலவும் பொறுமையின் வேறு பெயர்களே. கப்பலின் வேகம் கூடினால் அதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே, அதே தொலைவுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிஞ்சும். படகின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டால் அது நீரைக் கிழித்துப் போக அதிக எண்ணெய் குடிக்கும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, உளியால் சுரண்டி, வண்ணம் பூசுவது இந்தக் கரையில் ஏற்கெனவே உள்ள பழக்கம். அது செலவு மிச்சமும் தீங்குக் குறைப்பும் சேர்ந்த வேலை. மடியின் முனையில் சதுரக் கண்ணி வைத்தால் குஞ்சுமீன்கள் தப்பிப் போகும். அதிபத்தர் கையால் விட்டதை வலையே விட்டுவிடும். கேரளத்தின் வைக்கத்தில் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' படகு 2017 முதல் சூரிய ஒளியில் ஓடுகிறது. ஆழ்கடலுக்கு அது இன்னும் எட்டாது. கரையோரத் தொழிலுக்கும் பயணிகள் படகுக்கும் அது நடைமுறையில் சாத்தியம். நகரத்துக்குள் பேருந்தும் மிதிவண்டியும் நடையும் அதே நோன்பின் பகுதிகள். நேர்த்தெருக்கள் கொண்ட பழைய நகரம் காலால் கடக்கும் அளவிலேயே அமைந்தது.

மாசிமகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட தெய்வங்கள் பல ஊர்களிலிருந்து வைத்திக்குப்பம் கரைக்கு வந்து தீர்த்தவாரி காண்கின்றன. அன்று கடல் முழுவதும் தீர்த்தம். தீர்த்தம் எதையும் தூய்மையாக்கிவிடும் என்ற நம்பிக்கை, அதில் எதையும் கலக்கலாம் என்ற உரிமமாக மாறக் கூடாது. தெய்வத்தை நீராட்டும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அதை அகற்றும் பொறுப்பு அங்கே கூடி நிற்கும் எல்லோருக்கும் உண்டு. மீனைப் பிடித்தவர், வாங்கியவர், வண்டியில் வந்து சேர்ந்தவர் ஆகிய மூவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பங்கில் முதல் மீனை ஒதுக்கிவைப்பதே இக்கேள்விக்குத் தமிழ்க் கடற்கரையின் சமய மரபு தரும் விடை.