முகதாட்சண்யமும் கண்ணோட்டமும்

கேட்டவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காகவே மனம் ஒப்பாததற்குத் தலையாட்டுவது முகதாட்சண்யம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு ஓர் உறவினர் வீடு தேடி வருகிறார். அவரால் தவணை கட்ட முடியாது என்பது வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். 'முடியாது' என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட, காபி ஆறுவதற்குள் கையெழுத்து விழுந்துவிடுகிறது. அதன்பின் மாதக்கணக்கில் மனத்துக்குள் பொருமல். இதை நல்ல குணத்தின் மிகுதி என்று சொல்வது வழக்கம். அறநூல்கள் அப்படிச் சொல்வதில்லை.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் 4ஆம் நூலில் இதை ஒரு குறையாகவே வைக்கிறார். யார் மனமும் நோகாதபடி எல்லாவற்றையும் புகழ்ந்து, எதையும் மறுக்காமல் இருப்பவர் ஒரு கோடி; எதற்கும் முரண்டு பிடிப்பவர் மறு கோடி. ஆதாயத்துக்காகப் பிறரை மகிழ்விக்கும் முகஸ்துதிக்காரரை அவர் தனியே பிரித்துவிடுகிறார். முகதாட்சண்யக்காரர் பணமோ பதவியோ எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அவருக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது: யாரும் தம்மைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவரின் நன்மையைவிட அவர் மனத்தில் தமக்குள்ள இடமே அவருக்குப் பெரிதாகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் வேர் அன்பில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது.

திருக்குறளின் 58ஆம் அதிகாரமான கண்ணோட்டம் இந்தச் சிக்கலை நேரடியாகத் தொடுகிறது. பழகியவர்களிடம் இரக்கம் காட்டுவதை வள்ளுவர் உலகத்தையே தாங்கும் பண்பாகப் போற்றுகிறார். 578ஆம் குறளில் ஓர் எல்லையும் வகுக்கிறார்: செய்ய வேண்டிய கடமை கெடாதபடி கண்ணோட வேண்டும். இந்த அதிகாரம் அரசியல் பகுதியில் இருப்பதால் அந்த நிபந்தனைக்குக் கனம் கூடுகிறது. வேண்டியவர் என்பதற்காக நீதி வளைந்தால் நட்டம் மூன்றாம் மனிதருக்கு. ஆனால் அதிகாரத்தை முடிக்கும் 580ஆம் குறளோ, நண்பர் கண்முன்னே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் நாகரிகம் உடையவர் உண்பார் என்கிறது. நற்றிணையிலும் இந்தக் கருத்து உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் முகதாட்சண்யத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது. எனினும் அங்கே உண்பவர் நஞ்சென்று அறிந்தே உண்கிறார். கேடும் அவரோடு முடிகிறது. மறுக்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்பவரின் நிலை அதுவல்ல. அவருடைய கையெழுத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் அவர் மனைவி மக்கள்.

இனிமையாக இல்லாததைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆம் சூத்திரம் விடை தருகிறது. அபய இளவரசன் மடியில் குழந்தையோடு புத்தரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். இடக்கையால் தலையைப் பிடித்து, வலக்கை விரலை வளைத்து உள்ளே விட்டு, ரத்தம் வந்தாலும் வெளியே எடுத்துவிடுவேன் என்கிறான் இளவரசன். குழந்தைமேல் இரக்கம் இருப்பதால்தான் அப்படிச் செய்வேன் என்கிறான். உண்மையும் நன்மையும் உடைய சொல் கேட்பவருக்குக் கசந்தாலும், ததாகதர் (புத்தர்) காலம் அறிந்து அதைச் சொல்வார். நன்மை இல்லாத சொல்லை, கேட்பவருக்கு அது இனித்தாலும், சொல்லமாட்டார் என்று புத்தர் விளக்குகிறார். காலம் அறிவது என்ற பகுதியைத் தவறவிடக் கூடாது. முகதாட்சண்யத்தை விட்டவர் முகத்தில் அடித்தாற்போலப் பேச வேண்டியதில்லை.

முகதாட்சண்யப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு, அடிமையாய்ப் பிறந்து தத்துவ ஆசிரியரான எபிக்டெட்டஸ் சொல்லும் வழி கறாரானது. விருந்துக்கு அழைப்பு வரவில்லையே என்று வருந்துபவருக்கு அவர் கீரைக் கடைக் கணக்கைக் காட்டுகிறார். ஒருவர் ஓர் ஒபல் காசு கொடுத்துக் கீரை வாங்கிப் போகிறார். வாங்காதவரிடம் அந்தக் காசு இருக்கிறது. விருந்துக்கு விலை புகழ்ச்சி. அதைக் கொடுக்காதவருக்கு விருந்து இல்லை, ஆனால் பிடிக்காதவரைப் புகழவேண்டிய அவதியும் இல்லை. மறுப்புக்கும் இதே கணக்குதான். மறுத்தால் சிலருடைய வருத்தத்தைத் தாங்கவேண்டி வரும். அதை முன்பே ஏற்றுக்கொள்பவருக்குச் சாக்குப்போக்குத் தேவைப்படாது. உடனே பதில் சொல்லாமல் ஒருநாள் அவகாசம் கேட்பதும், சிறிய காரியங்களில் முதலில் மறுத்துப் பழகுவதும், முடியாததை மறுக்கும்போதே முடிந்த உதவியைச் சொல்வதும் அதற்கான பயிற்சி.