பின்னோக்கிச் செல்வதெல்லாம் வீழ்ச்சியா?

சாதனை வாழ்வில் சில காலம் உண்மையாக முயன்ற எவருக்கும் ஒருநாள் இந்தக் கவலை வந்தே தீரும்: ‘நான் முன்னேறுகிறேனா, பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேனா?’ அன்பர் ஒருவர் இந்தக் கவலையுடன் கடிதம் எழுதியிருந்தார். பத்து ஆண்டுகள் காலையும் மாலையும் தவறாமல் ஜபம் செய்தவர் அவர். தாயார் நோயுற்றுப் படுக்கையில் விழுந்ததும் இரவு பகல் பாராமல் பணிவிடை செய்ய வேண்டியதாயிற்று. ஜபமாலை பூஜையறையிலேயே கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாயார் காலமானார். அதன்பின் ஓராண்டு கழிந்தும் பழைய நியமம் திரும்பவில்லை. ‘ஏறிய படிகள் அத்தனையிலிருந்தும் இறங்கிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கும் இதே அச்சம் எழுகிறது. யோகத்திலிருந்து வழுவியவன் இரண்டு கரைகளையும் இழந்தவன் ஆகிவிடுவானோ என்று அவன் கேட்க, செய்த நன்முயற்சி வீணாவதில்லை என்று பகவான் அபயம் தருகிறார். அந்த அபயம் நமக்கும் உரியதே. ஆயினும், நான் வழுவியிருக்கிறேனா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? அபயம் கிடைத்துவிட்டது என்பதற்காக இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இதைப் பற்றிச் சிந்திக்கும்போது ஜப்பானில் உள்ள ஒரு சிறிய மலை ரயில் நினைவுக்கு வருகிறது. ஜப்பான் என்றதும் நம் அன்பர்களுக்கு 1893 ஜூலையில் சுவாமி விவேகானந்தர் யோகோஹாமாவிலிருந்து சென்னை இளைஞர்களுக்கு எழுதிய கடிதம் தோன்றும். அன்று அந்நாட்டின் முக்கிய ரயில் பாதை, ஹகோனே மலைக்கு அஞ்சியது போல் வடக்கே சுற்றிச் சென்றது. மலைக்குள் ஆற்றோரமாக இருந்த வெந்நீர் ஊற்றுகளை நாடியவர்களுக்கு அடிவாரம் வரை குதிரை இழுக்கும் டிராம் மட்டுமே இருந்தது. அடிவாரத்து ஹகோனே-யூமோட்டோவிலிருந்து மேலே உள்ள கோரா வரை மின்சார ரயில் ஏறத் தொடங்கியது 1919-இல்தான்.

தூரம் 8.9 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரமோ ஏறத்தாழ 445 மீட்டர். சில இடங்களில் பன்னிரண்டரை மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயர வேண்டும். நம் நீலகிரி மலை ரயிலும் ஏறக்குறைய இதே அளவு செங்குத்தில்தான் ஏறுகிறது. ஆனால் அதற்குத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டமும் எஞ்சினில் பல்சக்கரமும் பிடிமானம் தருகின்றன. ஹகோனேயில் அது இல்லை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள இயல்பான பிடிப்பு ஒன்றே துணை. வளைவுகளோ மிகக் கடுமையானவை. வளைவில் சக்கரம் தேயாமலிருக்க மற்ற இடங்களில் எண்ணெய் இடுவதுண்டு. இங்கே எண்ணெய் இட்டால் ரயில் வழுக்கும். ஆகவே பெட்டிகளிலேயே தொட்டி வைத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போகிறார்கள். உராய்வின் வேதனையைக் குறைக்க வேண்டும், பிடிப்பையும் இழக்கக் கூடாது. துயருற்ற சாதகனுக்கு ஆறுதல் கூறப் புகும் நாம் பல நேரங்களில் எண்ணெயையே ஊற்றிவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

இத்தனை செங்குத்தில் நேராக ஏற முடியாத மூன்று இடங்கள் அப்பாதையில் உள்ளன. அங்கே ரயில் ஒரு முனைக்குச் சென்று முழுதாக நிற்கிறது. முன்னால் இருந்த ஓட்டுநர் இறங்கிப் பின் முனைக்கு நடக்கிறார். பின்னால் இருந்த நடத்துநர் முன்னால் வருகிறார். பாதை மாற்றப்படுகிறது. பிறகு வண்டி வந்த திசைக்கு எதிராகப் புறப்படுகிறது, ஆனால் வேறொரு தண்டவாளத்தில், மேல்நோக்கி. டார்ஜிலிங் ரயிலில் சென்றவர்கள் இத்தகைய அமைப்பைக் கண்டிருப்பார்கள். மூன்று முறை இவ்வாறு மாறுவதால், அடிவாரத்தில் முதலாவதாக இருந்த பெட்டி கோராவை அடையும்போது கடைசிப் பெட்டியாகிவிடுகிறது. ‘எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னே போய்விட்டார்களே’ என்ற நம் புலம்பலில் எவ்வளவு சாதனையைப் பற்றிய கவலை, எவ்வளவு வெறும் அகங்காரம் என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இருக்கையில் அமர்ந்திருக்கும் பயணிக்கு வண்டி பின்னால் போவது மட்டுமே தெரியும். திசையைக் கொண்டு அவன் முடிவு செய்தால் தவறிவிடுவான். உயரத்தையே பார்க்க வேண்டும். சாதகனின் உயரம் எது? நான் கருதுவது, அவன் செய்யும் ஜபத்தின் எண்ணிக்கை அல்ல. ‘நான், எனது’ எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே. எண்ணிக்கை குறைந்த காலத்தில் பொறுமை வளர்ந்திருக்கலாம். எண்ணிக்கை கூடிய காலத்தில் கர்வமும் கூடியிருக்கலாம்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ‘என் சறுக்கலும் ஏற்றத்தின் ஒரு பகுதிதான்’ என்று எவரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலாம். சோம்பலுக்கு இதைவிட இனிய தத்துவம் கிடைக்காது. பின்னோக்கி ஏறும் ரயில் வேறு, தடை பிடிக்காமல் வந்த வழியே உருளும் ரயில் வேறு. முன்னதில் நிற்றல் உண்டு, பாதை மாற்றம் உண்டு, பொறுப்பேற்று நடத்துபவர் உண்டு. பின்னதில் இவற்றில் ஒன்றும் இல்லை.

உண்மையான சேதம் ஹகோனேக்கும் நேர்ந்தது. 2019 அக்டோபர் 12-ஆம் தேதி வீசிய புயலில் அங்கே ஒரே நாளில் 922.5 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மலைச்சரிவோடு பாதையும் பல இடங்களில் அழிந்தது. சேதம் சேதம் என்றே ஏற்கப்பட்டது. ஒன்பது மாதங்களுக்கும் மேலாகப் பழுதுபார்த்த பின், 2020 ஜூலை 23-ஆம் தேதியே ரயில் மீண்டும் கோரா வரை சென்றது.

அன்பருக்கு நான் எழுதிய பதில் அவருக்கு முழு ஆறுதல் தந்திராது. தாயாரின் படுக்கையருகே கழிந்த இரண்டு ஆண்டுகளைச் சரிவு என்று நான் கருதவில்லை. தமது விருப்பத்தை நாள்தோறும் ஒதுக்கி இன்னொருவருக்குத் தொண்டு செய்த அந்தக் காலத்தில் அவர் ஏறிக்கொண்டுதான் இருந்தார். அதன்பின் வந்த ஓராண்டைப் பற்றி அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துக்கத்துக்கு உரிய மாதங்களைக் கழித்தாலும் எஞ்சியவை எங்கே போயின என்பதை அவரே ஆராய வேண்டும் என்று எழுதினேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. பூஜையறையைத் தூய்மை செய்து மாலையை எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். ஜபம் தொடங்கியதா என்று குறிப்பிடவில்லை.