கடற்கரை விளக்கும் ஆமைக் குஞ்சும்

சென்னைக் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். ஏறக்குறைய 50 நாள் சென்று வெளிவரும் குஞ்சுக்கு வெளிச்சமுள்ள திக்கே கடல். தெருவிளக்கைக் கண்டால் சாலைக்குப் போய் மடியும். 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிக் காத்து வருகிறார்கள்.

ஆகையால் விளக்கையெல்லாம் அணைத்துவிடலாமா? இரவில் மீன் விற்றுத் திரும்பும் ஏழைப் பெண்ணுக்கு அதுவே துணை, அன்பர்களே. அவளுடைய அச்சத்தை விலையாகக் கொடுத்து ஆமையைக் காப்பது நியாயமன்று. ஆனால் எல்லா விளக்கும் அவளுக்காகவா எரிகிறது? மாடி வீட்டு அலங்கார விளக்கும் விளம்பரப் பலகையும் (அவற்றுக்குத் தூக்கமே கிடையாது போலும்!) யாருக்குத் துணை? முதலில் அணைய வேண்டியவை அவை. வழிவிளக்குக்குக் கடல் பக்கம் தகடு மறைத்து, ஒளி பாதையில் மட்டும் விழச் செய்யலாம். அந்தச் செலவு மாநகராட்சியைச் சேர்ந்தது. மீன்காரியின் கூடையைச் சேர்ந்ததன்று.