விழுந்ததா?

2011 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத் தேர்தலின்போது ஒரு கிராமத்துத் துவக்கப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வாக்குப்பதிவு அலுவலர் வேலை. கட்டுப்பாட்டுக் கருவி என் மேஜைமேல். ஐந்து மீட்டர் ஒயரின் மறுகோடியில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால், சின்னங்கள் ஒட்டிய கருவி. ஆள் வந்ததும் நான் ஒரு பொத்தானை அமுக்குவேன். அவர் உள்ளே போய் ஒன்றை அமுக்குவார். நீளமாக ஒரு சத்தம். என் பக்கத்து விளக்கு அணையும். அடுத்த ஆள். பதினோரு மணி வாக்கில் வந்த ஒரு கிழவி, சத்தம் கேட்ட பிறகும் போகாமல் என் மேஜைமுன் நின்று, "விழுந்துருச்சா தம்பி?" என்று கேட்டாள். "விழுந்துருச்சு ஆத்தா" என்றேன். திருப்தியாகப் போனாள்.

அன்றிரவு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. எனக்கு என்ன தெரியும்? சத்தம் கேட்டது தெரியும். மொத்தத்தில் ஒன்று கூடியிருக்கும் என்பது தெரியும். அவள் அமுக்கிய சின்னத்தின் கணக்கில் அது கூடியதா என்பது தெரியாது. அவள் கேட்டதோ அதை மட்டும்தான். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. காலையில் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, கணக்கு சரியாக வந்ததைப் பார்த்திருந்தேன். காலையில் சரியாக இருந்தது பதினோரு மணிக்கும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை அவளிடம் செய்தியாகக் கொடுத்துவிட்டேன்.

அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று நம் மரபு சொல்கிறது. (எண்ணிக்கையில் தரிசனங்களுக்கிடையே சண்டை உண்டு; அது இங்கே வேண்டாம்.) மூன்றாவதான உரை எவன் வாயிலிருந்து வந்தாலும் பிரமாணமாகிவிடாது. ஆப்தனுடையதாக இருக்க வேண்டும்: விஷயத்தை நேராக அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடி சொல்பவன். முதல் லட்சணம் என்னிடம் இல்லை. இரண்டாவதும் அரைகுறைதான், அறிந்ததற்கு மேல் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் ஆப்தன் யார்? இயந்திரத்தைச் செய்தவர்களாக இருக்கலாம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் இவற்றைத் தயாரிக்கின்றன. பெங்களூரில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு சுஜாதாவுக்கு உண்டு. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தோடு மல்லுக்கு நின்ற நம்மில் பலர் அவர் பெட்டியில் வாய்பேசாமல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். கதையோடு சண்டை போட முடிந்தது, ஏனென்றால் பிரதி நம் கையில் இருந்தது. சில்லுக்குள் எழுதப்பட்டிருப்பது அப்படி வாசிக்கக் கிடைக்கும் பிரதி அல்ல.

விமானத்தில் ஏறும்போது இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டா ஏறுகிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். விமானம் ஊர் போய்ச் சேர்ந்ததா என்பது இஞ்சினுக்கு வெளியே இருக்கிற உண்மை; டிக்கெட் வாங்கினவனுக்கே தெரிந்துவிடும். தேர்தல் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிக்கைக்கு வெளியே ஒன்றும் கிடையாது. பாங்குக் கணக்கு தப்பாக இருந்தால் பாஸ்புத்தகத்தைக் காட்டிச் சண்டை போடலாம். ஓட்டில் மட்டும் செய்தவன் ஒருவனே சாட்சி. அவன் கையில் அத்தாட்சி இருக்கக்கூடாது என்பதும் விதி. இருந்தால், காசு கொடுத்தவனோ முதலாளியோ புருஷனோ "எடு, பார்ப்போம்" என்பான். ரகசியம்தான் அந்தக் கிழவியின் சுதந்திரம். அவள் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் செய்வதும் அதே ரகசியம்தான்.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 20 லட்சம் பேர் நெதர்லாந்தின் நேடாப் நிறுவன இயந்திரங்களில் வாக்களித்தார்கள். பௌதிகம் படித்த உல்ரிஷ் வீஸ்னரும் அரசியல் அறிஞரான அவர் தந்தையும் ஆட்சேபித்தார்கள். 2009 மார்ச் 3ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தவறு நடந்ததற்கு அத்தாட்சி இல்லை என்பதால் தேர்தலை ரத்து செய்யவில்லை. ஆனாலும் அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. தேர்தலின் முக்கியமான படிகளை விசேஷ அறிவு எதுவும் இல்லாத குடிமகன் தானே சரிபார்க்க இயல வேண்டும் என்பது அதன் வாதம். இயந்திரமே கூடாது என்று அது சொல்லவில்லை. பார்க்க முடியாத இயந்திரம் கூடாது என்றது. நெதர்லாந்தில் 2006இல் ஒரு குழு அதே நேடாப் இயந்திரத்தைச் சதுரங்கம் ஆடவைத்துக் காட்டியது பிரபலமான வேடிக்கை. எனக்கு ஜெர்மன் தீர்ப்பே பெரிதாகப் படுகிறது. மோசடி செய்யலாமா என்பது நிபுணர்களின் விவாதம். அந்தத் தீர்ப்போ முடிவு சரியா என்பதை விட்டு, கிழவிக்குத் தெரியுமா என்று கேட்கிறது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமைக்காக எடுத்துக் காட்டுவதில் எனக்கு உற்சாகமில்லை. அது வாக்கெடுப்பல்ல, சீட்டுக் குலுக்கல். நிலமும் வேதமும் உள்ள பிராமணர்களுக்கு மட்டும். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் மறக்க மாட்டேனென்கிறது. விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு அவன் வாசிக்க வேண்டும். கூடியிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சந்தேகத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் விரலை விரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நம்மிடம் இப்போது கண்ணாடி இருக்கிறது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்த அச்சுச்சீட்டு முறை, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. போட்ட சின்னம் ஏழு விநாடி தெரியும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். காண்டல் ஏழு விநாடிக்குத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் மறுபடி கருதல்தான்: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொன்ன மனுக்களை உச்சநீதிமன்றம் 2024 ஏப்ரல் 26இல் தள்ளுபடி செய்தது. கண்மூடித்தனமான அவநம்பிக்கை நல்லதல்ல என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சரி. ஆனால் அத்தாட்சி பெட்டிக்குள் கிடக்கும்போது, அத்தாட்சி இல்லாமல் சந்தேகிக்காதே என்பது எந்த ரீதியில் நியாயம்?

சீட்டு தவறாக வந்தது என்று ஒருவர் புகார் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 49எம்ஏ என்று ஒரு விதி இருக்கிறது. அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு ஏஜெண்டுகள் எதிரில் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் பொய்ப்புகார், தண்டனைக்குரியது. நடந்துபோன ஒன்றை நடக்கப்போகும் ஒன்றால் சோதிக்கிறார்கள். ஒருமுறை தடுமாறியவன் மறுமுறையும் தடுமாற வேண்டும், இல்லாவிட்டால் பார்த்தவன் பொய்யன். தன் கண்ணை நம்புவதற்கு இவ்வளவு துணிச்சல் வேண்டுமென்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

மறுபக்கமும் இருக்கிறது. காகிதம் பரிசுத்தமாக இருந்ததில்லை. சாவடியைப் பிடித்துக் கட்டுக் கட்டாகக் குத்தித் தள்ளிய காலத்தை ஏக்கத்தோடு நினைக்க என்னால் ஆகாது. அந்தத் திருட்டுக்குப் பல கைகள் வேண்டியிருந்தன, திருட்டு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அது சிறிய வித்தியாசமும் இல்லை. அப்புறம், தோற்றபோது மட்டும் இயந்திரத்தைச் சந்தேகித்து, ஜெயித்த மறுநாள் அதை மறந்துவிடும் கட்சிகள். முடிவைப் பொறுத்து வருவது சந்தேகமே இல்லை, எரிச்சல். கிழவியின் கேள்வி அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. முடிவு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் யாருக்குப் போட்டாள் என்பதும் தெரியாது.

2019இல் வேறொரு ஊரில் அதே வேலை. சாளேசுரக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தாள். "என்னமோ வெளிச்சம் வந்துது, என்னான்னு படிக்கறதுக்குள்ள போயிருச்சு. விழுந்துருச்சுல்ல?" இத்தனை வருஷம் யோசித்தது வீணாகக் கூடாது என்று, தெரிந்ததை மட்டும் சொன்னேன்: "சத்தம் கேட்டுது பாட்டி."

"சத்தம் எனக்கும்தான் கேட்டுது" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அடுத்த ஆளுக்குப் பொத்தானை அமுக்கினேன்.