போதிய சான்று எனப்படுவது யாது?

புதிய மருந்தொன்றைப் போலிமருந்தோடு ஒப்பிடும் பரிசோதனையில் நோயாளர் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். எது நன்மை தருமென எவரும் அறியார் என்பதே இப்பிரிவினைக்குரிய அறநியாயமாகும். பரிசோதனை முடியுமுன்னரே, இடைக்காலப் பகுப்பாய்வின்போது, அவ்வறியாமை நீங்கத் தொடங்குமாயின் செய்யத்தக்கது யாது?

1986ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், எயிட்ஸ் நோயாலும் அதனையடுத்த நிலையாலும் வருந்திய 282 பேரிடத்து ஏ.இஸட்.ரி. என்னும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. ஒவ்வொருவரையும் 24 வாரம் அவதானிப்பது திட்டம். செப்டெம்பர் மாதத்தில் கணக்கெடுத்தபோது, போலிமருந்து பெற்ற 137 பேரில் 19 பேரும், மருந்து பெற்ற 145 பேரில் ஒருவரும் இறந்திருந்தனர். 24 வாரத்தையும் நிறைவுசெய்தோர் 27 பேரே. எனினும் போலிமருந்து நிறுத்தப்பட்டது. அம்முடிவைக் குறைகூறுதல் அரிது.

ஆயின் எல்லா வேறுபாடும் இத்துணைத் தெளிவுடையதன்று. இறப்பை ஆராயும் பரிசோதனையில் தகவல் என்பது சென்ற நாட்களாலன்றி நிகழ்ந்த இறப்புக்களாலேயே அளக்கப்படும். 200 இறப்புக்களை எதிர்பார்த்த ஆய்வில் 50 நிகழ்ந்திருப்பின், நோயாளர் அனைவரும் சேர்ந்துவிட்டபோதும், கைவந்த தகவல் காற்பங்கேயாம். மேலும், இருபதில் ஒன்றெனத் தவறுக்கு இடங்கொடுத்து, ஐந்து முறை கணக்கைப் பார்ப்பின், பயனற்ற மருந்து பயனுடையதாகத் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழில் ஒன்றாகிவிடும்.

அதே மருந்தை நோய்க்குறி தோன்றாத எச்.ஐ.வி. தொற்றாளரிடத்து ஆராய்ந்த அமெரிக்கப் பரிசோதனையொன்றில், நோய் முற்றுதல் தாமதமாவது கண்டு, 1989இல் போலிமருந்து நிறுத்தப்பட்டது. பிரித்தானியா, அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 1,749 பேரிடத்து நிகழ்ந்த கொன்கோர்ட் ஆய்வோ தொடர்ந்தது. 1994இல் வெளியான அதன் முடிவின்படி, உடனே மருந்து பெற்றோரில் 92 வீதத்தினரும், காலந்தாழ்த்திப் பெற்றோரில் 94 வீதத்தினரும் மூன்றாண்டின் பின் உயிரோடிருந்தனர். தொடக்கத்திற் கண்ட நன்மை நிலைக்கவில்லை.

தயக்கம் இன்றைய நோயாளரை வருத்தும். அவசரம் நாளைய நோயாளரை வருத்தும். முன்னவர் கண்முன் நிற்பவர். பின்னவருக்காகப் பேச எவருமிலர். ஆதலினாலேயே, எப்போது பார்ப்பது, எத்துணை வேறுபாடு கண்டால் நிறுத்துவது என்பன தொடங்குமுன்னரே வகுக்கப்பட்டு, மருந்தால் ஆதாயமடையாத குழுவொன்றிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். அவ்விதியைப் பரிசோதனைக்கு இசைபவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இதுவரை அறிந்தது எவ்வளவு எனக் கணிதம் கூறும். எவ்வளவு அறிந்தாற் போதும் என்பதை மனிதரே தீர்மானித்து, அதற்குப் பொறுப்பும் ஏற்றல் வேண்டும்.